சுவரில் கொடி படரவிடுவது எப்படி: மோரிஸ் பாணியில் ஒரு ஸ்டென்சில் சுவர்

ஹாலில் ஒரே ஒரு சுவருக்கு மட்டும் டிசைன் வேண்டும் என்று தோன்றினால், பெரும்பாலும் ஆன்லைனில் வால்பேப்பர் வாங்குவோம், இல்லாவிட்டால் ரெடிமேட் ஸ்டென்சில் வாங்கி பெயிண்டரிடம் கொடுத்துவிடுவோம். இரண்டுமே தப்பில்லை. ஆனால் ஈரம் ஏறும் சுவரில் வால்பேப்பர் சீக்கிரமே ஓரம் தூக்கிக்கொள்ளும். ரெடிமேட் ஸ்டென்சிலோ பக்கத்து வீட்டிலும் இருக்கும், எதிர் ஃபிளாட்டிலும் இருக்கும். சொந்தமாக ஒரு கொடி டிசைன் வரைந்து, வெட்டி, சுவரில் ஏற்றுவது பலர் நினைப்பதைவிட எளிது. பிரமாதமாக வரையத் தெரிய வேண்டும் என்பதில்லை. பொறுமையாக அளக்கத் தெரிந்தால் போதும்.

இதற்கு வில்லியம் மோரிஸை முன்மாதிரியாக எடுத்துக்கொள்வோம். 1834இல் பிறந்து 1896இல் மறைந்த ஆங்கிலேயர். கவிதை, அச்சு, நெசவு, அரசியல் என்று எல்லாவற்றிலும் கை வைத்தவர், ஆனாலும் இன்றுவரை மக்கள் அவரை அதிகம் அடையாளம் காண்பது சுவர்க் காகித டிசைன்களை வைத்துத்தான். இலையும் கொடியும் பூவும் பறவையும் சுவர் முழுக்கப் படர்ந்திருக்கும், ஆனால் அறைக்குள் உட்கார்ந்திருப்பவரைத் தொந்தரவு செய்யாது. அந்த இரண்டாவது விஷயத்தைத்தான் நாம் கற்றுக்கொள்ளப் போகிறோம். பூ அழகாக இருப்பதால் மட்டும் அது நடப்பதில்லை. பூவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கட்டம்தான் அந்த வேலையைச் செய்கிறது.

அவர் முதலில் வரைந்த சுவர்க் காகிதம் 'ட்ரெல்லிஸ்', 1862இல். லண்டனை ஒட்டிய பெக்ஸ்லிஹீத்தில் அவருக்காக நண்பர் பிலிப் வெப் கட்டிய ரெட் ஹவுஸ் வீட்டுத் தோட்டத்தில் ரோஜா படர்ந்த மரப்பந்தல்கள் இருந்தன, அவற்றைப் பார்த்து வரைந்தது. அதில் பறவைகளை வெப் வரைந்து கொடுத்தார். அந்த டிசைனில் மரச்சட்டங்களின் சதுரக் கட்டம் கண்ணுக்கு நேராகவே தெரியும். பின்னால் வந்த 'அகாந்தஸ்' (1875), 'வில்லோ பௌ' (1887) போன்றவற்றில் கட்டம் இருக்கிறது, ஆனால் தேடினாலும் சட்டென்று சிக்காது. டிசைன் எங்கே ஆரம்பித்து எங்கே முடிந்து மறுபடி தொடங்குகிறது என்று கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். நமக்கு வேண்டியது அதுதான்.

முதலில் கட்டம்

கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு இது இரண்டு நிமிட விஷயம். நேர்ப்புள்ளியில் வரிசைகள் ஒன்றன்கீழ் ஒன்று நேராக நிற்கும். ஊடு புள்ளியில் ஒரு வரிசையின் புள்ளி மேல் வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் விழும். அந்த ஊடு புள்ளிக் கோலத்தை அப்படியே கால்வட்டம் திருப்பிப் பாருங்கள்: வரிசை நிரலாகிவிடும், ஒவ்வொரு நிரலும் பக்கத்து நிரலைவிடப் பாதி இறங்கி நிற்கும். சுவர் டிசைனில் நாம் செய்யப்போவது இதுதான், அரை இறக்கம். ஒரே பூவை நேர்ப்புள்ளி மாதிரி அடுக்கினால் சுவர் முழுக்கக் குறுக்குக்கோடுகள் தெரியும், பார்சல் கட்டுகிற தாள் போல ஆகிவிடும். பாதி இறக்கினால் கண் சாய்வாக ஓடும், கோடு உடைந்துபோகும், சிறிய டிசைன்கூடப் பெரிதாகத் தெரியும்.

இப்போது சுவரை அளங்கள். உதாரணத்துக்கு, 12 அடி அகலம், 9 அடி 6 அங்குலம் உயரம் என்று வைத்துக்கொள்வோம். அதாவது 144 அங்குலம், 114 அங்குலம். ஒரு டிசைன் அலகு, அதாவது சுவரில் திரும்பத் திரும்ப வரும் ஒரு துண்டு, 16 அங்குல அகலம், 24 அங்குல உயரம் என்று எடுத்தால் 144இல் 9 நிரல்கள் சரியாக உட்காரும். நிரல்கள் ஒற்றைப்படையில் வருவது நல்லது, ஏனென்றால் அப்போதுதான் இடது கோடியும் வலது கோடியும் ஒரே மாதிரி முடியும். இரட்டைப்படையாக வந்தால் ஒரு மூலையில் முழுப் பூவும் மறு மூலையில் பாதிப் பூவும் நிற்கும். சோபாவுக்குப் பின்னால் பாதி மறைந்துபோகும் சுவர் என்றால் பரவாயில்லை, நடுவில் ஒரு ஜன்னலோ படமோ உள்ள சுவரில் இது உறுத்தும்.

உங்கள் சுவர் 144 அங்குலத்துக்கு இருக்காது, 139 இருக்கும் அல்லது 151 இருக்கும். அலகின் அகலத்தை ஒரு அங்குலத்துக்குள் கூட்டிக் குறைத்துப் பாருங்கள், சரிவரும். வரவில்லையென்றால் நடு நிரலைச் சுவரின் நடுவில் வைத்து இரண்டு பக்கமும் ஒரே அளவு வெட்டுப்படவிடுங்கள். உயரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். மேலும் கீழும் எங்கே வெட்டுப்பட்டாலும் கொடி டிசைனில் அது இயல்பாகவே இருக்கும், கண் மட்டத்தில் ஒரு முழுப் பூ வந்தால் சரி.

நம் உதாரணச் சுவரில் மேலிருந்து தொடங்கும் 5 நிரல்களில் நிரலுக்கு 5 முறை, பாதி இறங்கி நிற்கும் 4 நிரல்களில் நிரலுக்கு 6 முறை, ஆக மொத்தம் 49 முறை ஸ்டென்சில் வைக்க வேண்டும், இரண்டு நிறம் என்றால் 98. இந்தக் கணக்கை முன்னாலேயே போட்டுவிடுங்கள். 8 அங்குல அலகு அழகாக இருக்கிறதே என்று ஆசைப்பட்டு இறங்கினால், அதே வடிவத்தில் பாதி அளவு என்றால் எண்ணிக்கை நாலு மடங்காகும் என்பது சுவர் முன்னால் நிற்கும்போதுதான் உறைக்கும்.

வரைவது

பாதி அளவில் வரைந்து பிறகு பெரிதாக்குவதுதான் சுலபம். ஒரு A3 தாளில் 8 அங்குலம் அகலம், 12 அங்குலம் உயரத்துக்கு ஒரு செவ்வகம் போடுங்கள். அதன் நடுவில், ஓரங்களைத் தொடாமல், முக்கிய உருவத்தை வரையுங்கள். மோரிஸ் தன் ஊர் வேலிகளிலும் ஆற்றங்கரையிலும் பார்த்த செடிகளைத்தான் வரைந்தார். 'வில்லோ பௌ' அவருடைய கெல்ம்ஸ்காட் வீட்டருகே ஓடிய ஓடையோரத்து மரங்களைப் பார்த்து வந்தது. நீங்களும் அவருடைய அகாந்தஸ் இலையைக் காப்பியடிக்க வேண்டியதில்லை. பால்கனியில் இருக்கும் சங்குப்பூக் கொடி, முல்லை, வெற்றிலை, பிரண்டை, எதுவானாலும் சரி. வெற்றிலைக் கொடி ஸ்டென்சிலுக்கு மிக நன்றாக வரும், இலை பெரிது, வடிவம் தெளிவு, ஓரம் வழவழப்பு. வேப்பிலை மாதிரிச் சின்னச் சின்ன இலைகளாக உள்ளதை முதல் முயற்சியில் தொடாதீர்கள், வெட்டும்போது கை வலித்துவிடும்.

செடியைப் பறித்து மேஜையில் வைத்து ஒருமுறை பார்த்து வரையுங்கள், அப்புறம் செடியை ஒதுக்கிவிட்டு அந்தப் படத்தைப் பார்த்து மறுபடி வரையுங்கள். இரண்டாவது படத்தில் தேவையில்லாத மடிப்பும் நிழலும் தானாக உதிர்ந்திருக்கும். சுவருக்கு வேண்டியது அந்த இரண்டாவது படம். நிழல் போட்டு உருண்டையாகத் தெரியும் பூ சுவரில் ஒட்டவைத்த ஸ்டிக்கர் மாதிரி நிற்கும்.

1881இல் டிசைன் பற்றிப் பேசிய ஓர் உரையில் மோரிஸ் வலியுறுத்திய ஒன்று இங்கே உதவும்: கொடி வளர்வது தெரிய வேண்டும், ஒவ்வொரு கோடும் இன்னொன்றிலிருந்து கிளம்பியது போல இருக்க வேண்டும். அந்தரத்தில் மிதக்கும் இலை இருக்கக்கூடாது. ஒரு இலைக்குக் காம்பு எங்கே என்று கேட்டால் விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும்.

நடு உருவம் தயாரானதும் மூன்று ஜெராக்ஸ் எடுத்து, செவ்வகத்தின் கோட்டோடு வெட்டுங்கள். இரண்டை ஒன்றன்கீழ் ஒன்றாக வையுங்கள். மூன்றாவதை அவற்றின் வலது பக்கத்தில், மேல் தாளின் நடுவிலிருந்து கீழ்த் தாளின் நடுவரை வருமாறு, பாதி இறக்கி ஒட்டுங்கள். இப்போது உருவங்களுக்கு நடுவில் வெற்றிடங்கள் தெரியும், தாள்கள் சேரும் தையல்களும் தெரியும். அந்தத் தையல்களைக் கடந்து போகும்படி கொடியை வளையவிட்டு, இலைகளை நிரப்பி, வெற்றிடத்தை மூடுங்கள். கொடி ஒரு அலகிலிருந்து பக்கத்து அலகுக்குள் நுழைய வேண்டும், அதுதான் முழு வித்தை. எல்லைக்கோட்டில் நின்றுவிடும் கொடிதான் 'இங்கேதான் ஸ்டென்சில் முடிகிறது' என்று காட்டிக்கொடுக்கும்.

நிரப்பியதும், மூன்று தாளும் சந்திக்கும் புள்ளியை நடுவாக வைத்து, அதே 8க்கு 12 அளவில் புதிதாக ஒரு செவ்வகம் வெட்டியெடுங்கள். இது உங்கள் புது அலகு. இதையும் மூன்று ஜெராக்ஸ் எடுத்து அதே மாதிரி அடுக்கினால், குறுக்குத் தையலில் மட்டும் ஓரிடத்தில் வெற்றிடம் மிச்சமிருக்கும். அதையும் நிரப்பி, மறுபடி நடுவிலிருந்து வெட்டினால் அலகு முடிந்தது. கம்ப்யூட்டரிலோ டேப்லெட்டிலோ இதைச் செய்யும் ஆப்கள் இருக்கின்றன, தெரிந்தவர்கள் அதில் செய்யலாம். ஆனால் முதல் டிசைனைத் தாளை வெட்டி ஒட்டிச் செய்தால்தான் எந்தக் கோடு எங்கே போய்ச் சேருகிறது என்பது கைக்குப் புரியும்.

பிறகு ஏழெட்டு ஜெராக்ஸ் எடுத்துச் சுவரில் ஒட்டி, அறையின் மறுகோடியில் நின்று கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். எங்காவது வெள்ளையாக ஒரு சாய்ந்த பாதை சுவர் முழுக்க ஓடினால் அந்த இடத்தில் ஒரு இலை சேர்க்க வேண்டும். எங்காவது கறுப்பாகத் திட்டு விழுந்தால் ஒன்றை எடுக்க வேண்டும். இந்தச் சோதனையைத் தவிர்க்காதீர்கள், தாளில் தெரியாத பிழை பத்தடி தள்ளி நின்றால்தான் தெரியும்.

ஸ்டென்சில் வெட்டுவது

வீட்டு பிளான் பிரிண்ட் எடுத்துக்கொடுக்கும் கடைகளில் 8க்கு 12ஐ இரண்டு மடங்காக்கி 16க்கு 24 ஆக எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டுவதற்கு 250 மைக்ரான் தடிமனுள்ள ஒளி ஊடுருவும் பாலியஸ்டர் ஷீட் நல்லது, பிளாஸ்டிக் ஷீட் விற்கும் கடைகளில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். சார்ட் பேப்பர் நாலு முறை பெயிண்ட் பட்டாலே ஊறி வளையும். பழைய எக்ஸ்ரே ஃபிலிம் ஒரு காலத்தில் எல்லோரும் பயன்படுத்தியது, தடிமன் சரியாகவே இருக்கும், ஆனால் இந்த அளவுக்குப் போதாது.

மோரிஸின் காகிதங்கள் மரப்பலகை அச்சில் வந்தவை. முதலில் துத்தநாகத் தகட்டில் எண்ணெய் நிறங்களை வைத்து முயன்று அது சரிவராமல், லண்டனில் ஜெஃப்ரி அண்ட் கோ என்ற அச்சகத்திடம் ஒப்படைத்தார். ஒவ்வொரு நிறத்துக்கும் தனிப் பலகை, சில சமயம் ஒரே நிறத்துக்கே ஒன்றுக்கு மேல். 'அகாந்தஸ்' டிசைனுக்கு 15 நிறங்கள், 30 பலகைகள். நமக்கு இரண்டு ஷீட் போதும்: ஒன்றில் கொடியும் இலையும், மற்றதில் பூவும் காயும். மூன்றாவது நிறத்துக்கு ஆசை வரும், முதல் சுவருக்கு வேண்டாம்.

ஸ்டென்சிலில் மறக்கக்கூடாதது பாலங்கள். நீளமான கொடியை ஒரே கோடாக வெட்டினால் அதற்கு இரு பக்கமும் உள்ள ஷீட் தனித்தனியாகத் தொங்கும், ரோலர் படும்போது தூக்கிக்கொள்ளும். அதனால் கொடியை ஒரு கையகலத்துக்கு ஒருமுறையாவது 3, 4 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு உடைக்க வேண்டும். அந்த உடைப்பு இலைக்காம்பு பிரியும் இடத்தில் வந்தால் டிசைனின் பாகமாகவே தெரியும், நடுக்கொடியில் வந்தால் விரிசல் மாதிரித் தெரியும். இலையின் நடுநரம்பையும் வெட்டாமல் விட்டுவிட்டால் அதுவே ஒரு பாலம். இலையும் உயிர் பெறும், ஷீட்டும் உறுதியாகும்.

கட்டர் கத்தியில் புது பிளேடு போட்டுக்கொள்ளுங்கள், அடியில் கண்ணாடியோ கட்டிங் மேட்டோ வைத்துக்கொள்ளுங்கள். வளைவில் கத்தியைத் திருப்புவதற்குப் பதில் ஷீட்டைத் திருப்புங்கள். முதலில் சின்னத் துளைகள், கடைசியில் பெரிய இலைகள். பெரியதை முதலில் வெட்டினால் ஷீட் தளர்ந்துவிடும். லேசர் கட்டிங் செய்யும் கடை பக்கத்தில் இருந்தால் ஃபைல் கொடுத்து வெட்டி வாங்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஷீட்டின் நான்கு மூலைகளிலும் சின்ன முக்கோணத் துளை போடுங்கள். இரண்டு நீளப் பக்கங்களின் நடுவிலும் ஒவ்வொன்று போடுங்கள். பக்கத்து நிரலின் மூலை வந்து விழுவது இந்த நடுத்துளையில்தான், அரை இறக்கத்தைச் சுவரில் சரிபார்க்க வேறு வழி வேண்டாம். இரண்டு ஷீட்டிலும் துளைகள் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். கூடவே முதல் ஷீட்டில் இன்னொரு பிரதி வெட்டிவையுங்கள், மூலைகளுக்கும் கூரை ஓரத்துக்கும் அதைத் துண்டுபோட வேண்டிவரும்.

சுவர்

எந்தச் சுவர் என்பதில் அவசரப்படாதீர்கள். மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரும், பாத்ரூமுக்குப் பின்பக்கச் சுவரும் வேண்டாம். சந்தேகம் இருந்தால் ஒரு சதுர அடி பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு மூடி ஒரு நாள் விட்டுவிடுங்கள். பிரிக்கும்போது தாளின் உட்பக்கம் வியர்த்திருந்தால் சுவருக்குள் ஈரம் இருக்கிறது. உப்புப் பூத்த சுவரும் அப்படியே. காரணத்தைச் சரிசெய்யாமல் மேலே எவ்வளவு நல்ல பெயிண்ட் அடித்தாலும் பொருக்குத் தட்டும்.

சரியான சுவர் என்றால், விரிசல்களுக்குப் பட்டி பார்த்து, 180 அல்லது 220 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, ப்ரைமர் ஒரு கோட், மேட் எமல்ஷன் இரண்டு கோட். பளபளப்பு அதிகமுள்ள பெயிண்ட் வேண்டாம், ஸ்டென்சில் நன்றாகப் பிடிக்காது, பக்கவாட்டு வெளிச்சத்தில் சுவரின் மேடுபள்ளம் எல்லாம் தெரியும்.

பழைய வீடாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. இந்தியாவில் வீட்டு பெயிண்ட்களில் ஈயத்தின் அளவை 90 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 90 பங்கு) கட்டுப்படுத்தும் விதி 2016இல் அறிவிக்கப்பட்டு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் அடித்த எனாமல் இருக்கும் சுவரையோ கதவையோ உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், முகக்கவசம் போடுங்கள், அந்த வேளையில் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த அறைப்பக்கமே வரவேண்டாம். மோரிஸின் காலத்திலும் இந்தத் தலைவலி இருந்தது, வேறு விஷத்தோடு: அன்றைய பச்சை நிறங்கள் பலவற்றில் ஆர்செனிக். அவருடைய 'ட்ரெல்லிஸ்' மாதிரி ஒன்றைப் பிற்காலத்தில் சோதித்தபோது அதன் பச்சையிலும் அது இருந்தது. அவருடைய குடும்பத்துச் செல்வம் வந்ததே டெவனில் இருந்த ஒரு சுரங்கத்தின் பங்குகளிலிருந்துதான், அங்கே செம்போடு ஆர்செனிக்கும் எடுத்தார்கள். 1870களில் சில ஆண்டுகள் அவர் அந்தக் கம்பெனியின் இயக்குநராகவும் இருந்தார். இவ்வளவும் இருந்தும் சுவர்க் காகிதத்தால் உடம்பு கெடும் என்ற டாக்டர்களின் பேச்சை 1885இல்கூட அவர் வெறும் பீதி என்றே ஒதுக்கினார். டிசைனுக்கு அவரைக் கேளுங்கள், பெயிண்டுக்கு டப்பாவின் லேபிளைக் கேளுங்கள்.

நிறம்

ஆரம்பத்தில் பெரும்பாலும் கெட்டுப்போவது இங்கேதான். வெள்ளைச் சுவரில் கரும்பச்சை இலை என்று கற்பனை செய்வோம், முடிந்ததும் பார்த்தால் கல்யாண மண்டப மேடை மாதிரி இருக்கும். அடிநிறத்துக்கும் இலைக்கும் இடையிலான வித்தியாசம் குறைவாக இருந்தால்தான் சுவர் அமைதியாகும். கடையில் கொடுக்கும் ஷேட் கார்டில் ஒரே பட்டையில் வெளிர் முதல் அடர்த்திவரை ஏழெட்டு நிறம் இருக்கும் அல்லவா, அதில் ஒன்றை அடிநிறமாக எடுத்தால் அதிலிருந்து இரண்டு அல்லது மூன்று படி தள்ளி இலையை எடுங்கள். பூ மட்டும் வேறு குடும்பத்திலிருந்து வரலாம், அதுவும் மங்கலாக: காவி, மங்கிய செம்மண், பழைய மஞ்சள், நீலச்சாம்பல்.

அவுரி நீல அடிநிறத்தில் கொஞ்சம் வெளிர்ந்த நீல இலை, நடுவில் செங்காவிப் பூ என்பது மோரிஸின் துணிகளைப் பார்த்து வரும் சேர்க்கை. 1883இல் வந்த அவருடைய 'ஸ்ட்ராபெரி தீஃப்' துணியில் அவுரியும் சிவப்பும் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்று பாருங்கள், புரியும். ஆனால் இருண்ட நிறத்துக்கு வெளிச்சமுள்ள அறை வேண்டும். வடக்குப் பார்த்த சின்ன அறை என்றால் மணல் நிறம், வெளிர்ச் சாம்பல்பச்சை.

மெட்டாலிக் தங்க நிறத்தைப் பற்றி என் கருத்து: வேண்டாம். ஒரு கோணத்தில் மின்னும், மறு கோணத்தில் அழுக்காகத் தெரியும்.

எந்த நிறமானாலும் ஒரு அட்டையில் அடிநிறமும் டிசைனும் அடித்து, பகல் வெளிச்சத்திலும் ராத்திரி உங்கள் வீட்டு எல்இடி வெளிச்சத்திலும் அதே சுவரில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் டப்பா வாங்க வேண்டும். இந்த அளவு சுவருக்கு இலை நிறம் அரை லிட்டர், பூ நிறம் 200 மில்லி தாராளம்.

ஏற்றுவது

அடி எமல்ஷன் அடித்து இரண்டு நாளாவது காயவிடுங்கள். அதற்கு முன்னால் டேப் ஒட்டினால் பெயிண்டோடு உரிந்து வரும். அப்புறம் சுவரின் நடுவைக் குறித்து, தூக்குக்குண்டு தொங்கவிட்டு ஒரு செங்குத்துக்கோடு மெல்லிய பென்சிலால் போடுங்கள். அதிலிருந்து இரு பக்கமும் 8 அங்குலத்தில் நடு நிரலின் ஓரங்கள், அங்கிருந்து 16 அங்குலத்துக்கு ஒன்றாக மற்ற நிரல்களின் கோடுகள். குறுக்கே ரசமட்டம் வைத்து ஒரு மட்டக்கோடு எடுத்து, அதிலிருந்து மேலும் கீழும் 12 அங்குலத்துக்கு ஒரு புள்ளி குறியுங்கள். கூரையை நம்பி அளக்காதீர்கள், கூரையும் தரையும் நம் கட்டடங்களில் ஒன்றுக்கொன்று இணையாக இருப்பது அபூர்வம். கூரை சாய்ந்திருந்தால் மேலே இரண்டு அங்குலம் வெறும் பட்டையாக விட்டுவிடுங்கள், யாருக்கும் தெரியாது.

எமல்ஷனில் தண்ணீர் கலக்கக்கூடாது. சுவருக்கு அடிக்கும்போது கலப்பது வேறு, ஸ்டென்சிலுக்கு டப்பாவிலிருந்து எடுத்தபடியே கெட்டியாக வேண்டும். 4 அங்குல ஃபோம் ரோலரை ட்ரேயில் லேசாகத் தொட்டு, பழைய நியூஸ்பேப்பரில் நன்றாக உருட்டுங்கள். ரோலர் கிட்டத்தட்டக் காய்ந்துவிட்டதோ என்று சந்தேகம் வரும் அளவுக்கு உருட்ட வேண்டும். ஷீட்டை முக்கோணத் துளைகள் புள்ளிகளோடு பொருந்த மாஸ்கிங் டேப்பால் ஒட்டி, அழுத்தாமல் இரண்டு மூன்று திசையில் உருட்டுங்கள். நிறம் மங்கலாக விழுந்தால் ஒரு நிமிடம் விட்டு மறுபடி ஒரு மெல்லிய கோட். ஓரம் கசிவதற்குக் காரணம் பெரும்பாலும் ஈரமான ரோலர், இல்லையென்றால் அழுத்தம்.

நடு நிரலில் ஆரம்பியுங்கள். பிறகு பக்கத்து நிரலுக்குப் போகாமல் ஒன்றை விட்டு ஒன்றாக, ஒரே மட்டத்தில் நிற்கும் 5 நிரல்களையும் முடியுங்கள். அவை காய்வதற்குள் டீ குடித்துவிட்டு வந்து பாதி இறங்கிய 4 நிரல்களைப் போடலாம். வரிசையாகப் போனால் ஷீட்டின் ஓரம் பக்கத்து ஈரத்தில் பட்டு இழுத்துவிடும். ஐந்தாறு முறைக்கு ஒருமுறை ஷீட்டை இருபுறமும் ஈரத்துணியால் துடையுங்கள், பெயிண்ட் படிந்து துளைகள் சுருங்கினால் கொடி மெலிந்துகொண்டே போகும்.

நிரல்கள் சேரும் இடத்தில் கொடி ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போனால் சின்ன பிரஷ்ஷால் தொட்டு இணைத்துவிடுங்கள். எல்லா நிரலும் முடிந்தபின் பூ ஷீட். அது வேகமாக நடக்கும்.

சுவிட்ச் போர்டு இருந்தால் எம்சிபியை அணைத்துவிட்டு மேல் பிளேட்டைக் கழற்றிக்கொள்ளுங்கள். பிளேட்டைச் சுற்றி டேப் ஒட்டி வளைந்து நெளிந்து அடிப்பதைவிட, டிசைன் அதன் அடியில் நுழைந்து மறுபக்கம் வருவதுதான் சுத்தம். மூலையில் முழு ஷீட்டை மடக்காதீர்கள், உடைந்துவிடும். அதற்குத்தான் இரண்டாவது பிரதி, தேவையான அளவுக்கு அதை வெட்டிக்கொள்ளலாம். பென்சில் கோடுகளை ஒரு வாரம் கழித்து மென்மையான ரப்பரால் அழியுங்கள்.

ஸ்டென்சில் பிடிக்காதவர்களுக்கு

பாலங்களின் இடைவெளி சிலருக்குப் பிடிக்காது. கையால் வரைந்தது போல வேண்டும் என்பவர்களுக்கு ரெட் ஹவுஸிலேயே ஒரு வழி இருக்கிறது. அங்கே கூரைப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே டிசைனைப் புள்ளித் துளைகளாகக் குத்தி வைத்துவிட்டு, அந்தத் துளைகளைப் பின்பற்றி நிறம் தீட்டினார்கள். பின்னால் எத்தனை முறை பெயிண்ட் அடித்தாலும் துளை வழிகாட்டும். நாம் சுவரைக் குத்த வேண்டியதில்லை. நம் ஊரில் ஆரி ஒர்க் செய்பவர்கள் ட்ரேசிங் பேப்பரில் ஊசியால் துளையிட்டு, அதன்மேல் பொடியைத் தேய்த்து பிளவுஸ் துணியில் டிசைன் இறக்குவார்கள், அதையே சுவரில் செய்யலாம். 16க்கு 24 தாளில் கோடுகளின் மேல் 2 மில்லிமீட்டருக்கு ஒரு துளை. மெல்லிய துணியில் சாக்பீஸ் பொடியை மூட்டைகட்டித் தாளின்மேல் தட்டினால் சுவரில் புள்ளிகளாக விழும், வெளிர்நிறச் சுவருக்குக் கலர் சாக்பீஸ். அப்புறம் 4ஆம் நம்பர் வட்ட பிரஷ்ஷால் தீட்டிக்கொண்டே போகலாம். எமல்ஷனில் கொஞ்சம் தண்ணீர் இதற்கு மட்டும் கலக்கலாம். நேரம் பல மடங்கு ஆகும், ஆனால் ஒரு இலை மாதிரி இன்னொரு இலை இருக்காது, அதுதான் இதில் சுகம்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் இந்த வேலையைச் சுவரில் செய்ய வேண்டாம். 4 அடிக்கு 6 அடி பிளைவுட்டில், அதே ப்ரைமர், அதே எமல்ஷன் அடித்துச் செய்து சாய்த்து வையுங்கள். காலி செய்யும்போது கூடவே வரும்.

வேலை முடிந்ததும் ஸ்டென்சில் ஷீட்களைக் கழுவித் துடைத்து, இரண்டு அட்டைக்கு நடுவில் தட்டையாக வைத்துப் பீரோவுக்குப் பின்னால் செருகுங்கள், சுருட்டினால் அடுத்த முறை சுவரில் படியாது. மூன்று நிறத்திலும் நூறு மில்லியாவது கண்ணாடி பாட்டிலில் ஊற்றி, ஷேட் நம்பரையும் எந்தச் சுவர் என்பதையும் எழுதி ஒட்டிவிடுங்கள். ஆணி அடித்த ஓட்டை, சோபா இடித்த கீறல், குழந்தையின் கிரேயான் எல்லாவற்றுக்கும் அதுதான் கைவசம் வேண்டும்.